அப்பாவின் நோயை அப்பாவிடம் மறைக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். கணையத்தில் புற்றுநோய் வந்து கல்லீரலுக்கும் பரவியிருப்பது நான்கு மாதங்களுக்கு முன் தெரிந்தது. சொன்னால் மனம் உடைந்துவிடுவார் என்று அம்மாவும் அண்ணனும் மறைக்கிறார்கள். கணையத்தில் வீக்கம், அதற்குத்தான் ஊசி போடுகிறார்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம். பெயர்ப்பலகை கண்ணில் படாமல் இருக்கப் பக்கவாட்டு வாசல் வழியாகவே அழைத்துப் போகிறோம். போன வாரம் இரவு மாத்திரை கொடுக்கும்போது, "ஏம்மா, என் ஃபைலை ஏன் என்கிட்ட காட்ட மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டார். "அண்ணன்கிட்ட இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய் அழுதேன். அண்ணனிடம் பேசினால், பொய்யும் வாய்மைதான் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார் என்கிறார். கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று காண்ட் என்ற ஜெர்மன் அறிஞர் சொன்னதாகப் படித்தேன். இருவரில் யார் சொல்வது சரி? தத்துவம் எங்கள் வீட்டுக்கு ஏதாவது உதவுமா? நாளை அப்பாவுக்குத் தெரிந்து, "உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கல்லூரியில் 28 ஆண்டுகள் தத்துவம் கற்பித்துவிட்டு, இப்போது ஒரு மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில் மருத்துவரல்லாத உறுப்பினராக இருக்கிறேன். உங்கள் கடிதத்தில் இருப்பதைப் போன்ற வீடுகளைக் குழுவின் மேசையில் பல முறை சந்தித்திருக்கிறேன். கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வள்ளுவரும் அல்ல, காண்ட்டும் அல்ல. உங்கள் அப்பா சொன்ன ஒரு சொல். "ஃபைலை" என்று அவர் கேட்கவில்லை. "என் ஃபைலை" என்று கேட்டிருக்கிறார். அந்த "என்" என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அன்பின் பொருட்டுப் பொய் சொல்லலாமா என்பது ஒன்று. ஒரு மனிதரின் உடலைப் பற்றிய செய்தி யாருக்கு உரியது, அதை யார் யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை முடிவு செய்யும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது இன்னொன்று. நீங்களும் அண்ணனும் முதல் கேள்வியை வைத்துக்கொண்டு வாதாடுகிறீர்கள். அப்பா கேட்டதோ இரண்டாவது கேள்வியை. தத்துவம் உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். துக்கத்தை அது குறைக்காது. ஆனால் பின்னிக் கிடப்பதைப் பிரித்துக் காட்டும், பிரித்த பிறகு பல விஷயங்கள் தாமாகவே தெளியும்.

காண்ட்டிடமிருந்து தொடங்குகிறேன். நீங்கள் படித்தது உண்மைதான். 1797-ல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், ஒருவரைக் கொல்லத் தேடி வருபவன் உங்கள் வீட்டு வாசலில் நின்று, "அவன் உள்ளே இருக்கிறானா?" என்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்றே அவர் வாதிட்டார். நம் மகாபாரதத்தின் கர்ண பர்வத்தில் இதற்கு நேர் எதிரான கதை இருக்கிறது. உண்மையே பேசுவேன் என்று விரதம் பூண்ட கௌசிகர் என்ற தவசி, கொள்ளையருக்கு அஞ்சிக் காட்டுக்குள் ஒளிந்தவர்கள் போன வழியை அந்தக் கொள்ளையரிடமே சொல்லிவிடுகிறார், அவர்கள் கொல்லப்படுகிறார்கள், உண்மை பேசிய கௌசிகர் நரகத்துக்குப் போகிறார். அறத்தின் நுட்பம் அறியாமல் விதியை மட்டும் பற்றிக்கொண்டவர் என்று கண்ணன் அவரை அர்ச்சுனனுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறான். வகுப்பில் இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் மாணவர்கள் பெரும்பாலும் கண்ணன் பக்கம்தான் நிற்பார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

ஆனால் உங்கள் வீட்டு வாசலில் நிற்பவர் யார் என்று பாருங்கள். கொலைகாரன் கேட்பது இன்னொருவருடைய உயிரைப் பற்றிய செய்தி. கொள்ளையர் கேட்டதும் அப்படியே. உங்கள் அப்பா கேட்பது தன்னுடைய உடலைப் பற்றிய செய்தி. அவர் கேட்பது யாரையும் கெடுப்பதற்காக அல்ல. ஆகவே காண்ட்டின் கட்டுரை உங்களைப் பயமுறுத்த வேண்டியதில்லை, கௌசிகரின் கதை உங்கள் அண்ணனுக்குத் துணை வர வேண்டியதும் இல்லை. இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. காண்ட் அந்தக் கட்டுரையை எழுதியது பெஞ்சமின் கான்ஸ்டன்ட் என்பவருக்கு மறுப்பாக. உண்மையை அறியும் உரிமை உள்ளவரிடம் மட்டும்தான் உண்மை பேசும் கடமை உண்டு, பிறருக்குத் தீங்கு செய்யும் உண்மைக்கு எவருக்கும் உரிமை கிடையாது என்பது கான்ஸ்டன்ட்டின் வாதம். பொய்க்கு வழிவிட்டவர் அவர்தான். அவருடைய அளவுகோலையே எடுத்துக்கொண்டாலும், ஒரு மனிதனின் நோயைப் பற்றிய உண்மையை அறியும் உரிமை அந்த மனிதனைவிட வேறு யாருக்கு அதிகமாக இருக்க முடியும்? காண்ட்டின் எதிராளிகூட உங்கள் அப்பாவின் பக்கத்தில்தான் வந்து நிற்கிறார்.

காண்ட் சொன்னதாக ஊரெல்லாம் சுற்றும் அந்த ஒரு வரிக்கு அப்பால், அவரிடம் உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு வேறுபாடு இருக்கிறது. பொய் சொல்வது வேறு, எல்லாவற்றையும் சொல்லாமல் இருப்பது வேறு என்பதுதான் அது. 1766-ல் நண்பர் மோசஸ் மெண்டல்சனுக்கு எழுதிய கடிதத்தில், தான் உறுதியாக நம்பும் பலவற்றைச் சொல்லும் துணிவு தனக்கு ஒருபோதும் வராமல் போகலாம், ஆனால் தான் நம்பாத எதையும் ஒருபோதும் சொல்லமாட்டேன் என்று எழுதியிருக்கிறார். அவருக்கும் உங்களைப் போல ஒரு வாசகி கடிதம் எழுதியதுண்டு. ஆஸ்திரியாவைச் சேர்ந்த மரியா ஃபான் ஹெர்பர்ட் என்ற அந்த இளம்பெண், தான் நேசித்தவரிடம் நெடுநாள் மறைத்த ஒன்றைச் சொன்னதால் அவருடைய அன்பை இழந்துவிட்டதாக 1791-ல் எழுதினார். அதற்கான பதிலிலும், மனம் முழுவதையும் திறந்து காட்டாத அடக்கம் குற்றமல்ல, உண்மையல்லாததைச் சொல்வதுதான் குற்றம் என்ற அதே பிரிவினையை அவர் செய்தார். பிரிவினை சரியானது. ஆனால் எதிரே நொந்து கிடக்கும் ஓர் உயிர் இருக்கிறது என்ற பரிவு அந்தப் பதிலில் போதவில்லை என்பது, அதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்குத் தோன்றுவது.

இந்த வேறுபாட்டை உங்கள் வீட்டில் பொருத்திப் பாருங்கள். நோய் தெரிந்த அன்றே எல்லாவற்றையும் அவர் முன்னால் கொட்டியிருக்க வேண்டும் என்று எந்த அறமும் சொல்லாது. அவர் தயாராகும் வரை காத்திருப்பதும், கேட்காததைச் சொல்லாமல் இருப்பதும் அடக்கம், அவற்றில் குற்றமில்லை. "வெறும் வீக்கம்தான்" என்பது பொய். பக்கவாட்டு வாசல் வழியாக அழைத்துப் போவது, வாயால் சொல்லாமல் காலால் சொல்லும் பொய். "அண்ணன்கிட்ட இருக்குப்பா" என்பது சொல்லளவில் உண்மை. ஆனால் அவர் கேட்டது ஃபைல் எங்கே இருக்கிறது என்பதை அல்ல. அது உங்களுக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் அடுக்களையில் நின்று அழுதிருக்கிறீர்கள்.

இனி, அண்ணன் பக்கம் பேசக்கூடிய மிக வலுவான சிந்தனையாளரையும் அழைக்காமல் விட்டால் நான் நேர்மையாக நடந்துகொண்டவன் ஆகமாட்டேன். ஒரு செயல் சரியா தவறா என்பதை அதன் விளைவான இன்ப துன்பங்களைக் கொண்டு அளக்க வேண்டும் என்ற பயன்முதல்வாதத்தின் பெரும்பெயர்களில் ஒருவர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1861-ல் அவர் எழுதியதில் உங்கள் வீட்டுப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. மனிதர்களின் வாய்ச்சொல் மீது மனிதர்கள் வைக்கும் நம்பிக்கைதான் சமூக நலனுக்கே முதன்மையான ஆதாரம், ஆகவே உண்மையிலிருந்து விலகுவது அந்த ஆதாரத்தையே அரிக்கிறது என்று சொல்லிவிட்டு, விதிவிலக்கு உண்டு என்கிறார். அதற்கு அவர் தரும் இரண்டு எடுத்துக்காட்டுகளில் ஒன்று கொடியவனிடமிருந்து தகவலை மறைப்பது. மற்றொன்று கடும் நோயில் கிடப்பவரிடமிருந்து கெட்ட செய்தியை மறைப்பது. அண்ணன் இதைப் படித்திருந்தால் குறளைவிட இதையே முன்வைத்திருப்பார். ஆனால் மில் நிபந்தனைகளும் போடுகிறார். அந்த மறைப்பு ஒருவரைப் பெரிய, அவருக்குத் தகாத தீங்கிலிருந்து காப்பாற்றுவதாக இருக்க வேண்டும். மறுத்துப் பேசினால்தான் மறைக்க முடியும் என்ற நிலை இருக்க வேண்டும். விலக்கின் எல்லை எது என்பதையும் தெளிவாக வரையறுக்க வேண்டும்.

அப்படியானால் மில் கேட்கும் கேள்வியை உங்கள் வீட்டில் நேராகக் கேட்போம். இந்தப் பொய் உங்கள் அப்பாவை எதிலிருந்து காப்பாற்றுகிறது? நோயிலிருந்து காப்பாற்றவில்லை. பயத்திலிருந்தா? புற்றுநோய்ப் பிரிவில் ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அருகில் தலைமுடி கொட்டியவர்களை அவர் பார்க்கவில்லையா? மருத்துவர் தன்னிடம் பேசாமல் மகனை மட்டும் தனியாக அழைத்துப் போவதை அவர் கவனிக்கவில்லையா? ஒரு பேருந்தில் எத்தனை பேர் ஏறினார்கள், யார் டிக்கெட் எடுக்கவில்லை என்பதை முகத்தைப் பார்த்தே கண்டுகொள்ளும் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவர் அவர். பயம் ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது. பொய் அதைப் போக்கவில்லை. பேசித் தீர்த்துக்கொள்ள ஆளில்லாமல் அவரைத் தனியாக விட்டிருக்கிறது. இதில் இன்னொரு விளைவும் உண்டு. நாளை வலி கூடும்போது, "இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டால் குறையும் அப்பா" என்று நீங்கள் சொல்வதை அவர் நம்பியாக வேண்டும். அந்த நம்பிக்கையைத்தான் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என்னை வளர்த்த என் சித்திக்குக் கருப்பையில் புற்றுநோய் வந்தபோது, நாங்களும் "கட்டி, கரைந்துவிடும்" என்றுதான் சொன்னோம். கடைசி வரை அவர் எதுவும் கேட்கவில்லை. அது எங்களுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாமான்களை ஒதுங்க வைத்தபோது, அவருடைய பால் கணக்கு நோட்டு கிடைத்தது. முன்பக்கங்களில் லிட்டர் கணக்கு. பின்பக்கத்தைத் திருப்பினால், சின்னச் சின்ன எழுத்தில் ஒரு பட்டியல்: தோடு யாருக்கு, அண்டா யாருக்கு, சீட்டுப் பணத்தில் யாருக்கு எவ்வளவு பாக்கி, துளசிக்கு யார் தண்ணீர் ஊற்ற வேண்டும். மேலே போட்டிருந்த தேதி, அவர் இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முந்தையது. எங்கள் மனம் நோகக்கூடாது என்று அவர் எங்களிடம் மறைத்திருக்கிறார். அவர் மனம் நோகக்கூடாது என்று நாங்கள் அவரிடம் மறைத்திருக்கிறோம். ஒரே வீட்டில் இரண்டு மாதம், அருகருகே உட்கார்ந்து, சொல்ல வேண்டிய எதையும் சொல்லிக்கொள்ளாமல் இருந்துவிட்டோம். அந்த நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இப்போது குறளுக்கு வருகிறேன். "பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த / நன்மை பயக்கு மெனின்" என்பது 292-வது குறள். இதை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். குறளின் எடை முழுவதும் பின்பாதியில் இருக்கிறது. "புரை" என்றால் குற்றம். குற்றம் நீங்கிய நன்மையைத் தருமானால் என்பது நிபந்தனை. "எனின்" என்ற சொல், அதை நிறுவும் பொறுப்பைப் பொய் சொல்பவரின் தலையில் வைக்கிறது. இதற்கு முந்தைய குறளில், வாய்மை என்பது யாதொரு தீமையும் இல்லாத சொற்களைச் சொல்வது என்று வள்ளுவர் வரையறுத்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவர் அளப்பது, கேட்பவருக்கு அந்தச் சொல் என்ன செய்கிறது என்பதை. அம்மாவின் அச்சத்துக்கும் அண்ணனின் தவிப்புக்கும் கிடைக்கும் தற்காலிக ஆறுதல், அப்பாவுக்குக் கிடைக்கும் புரைதீர்ந்த நன்மை ஆகாது. அடுத்த குறளில் "தன்நெஞ் சறிவது பொய்யற்க" என்றும், பொய்த்த பின் தன் நெஞ்சே தன்னைச் சுடும் என்றும் சொல்கிறார். போன வாரம் அடுக்களையில் உங்களுக்கு நேர்ந்தது அதுதான். ஆகவே வள்ளுவரா காண்ட்டா என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. கொலைகாரன் வந்து நிற்கும் வாசலில் அவர்கள் இருவரும் பிரியக்கூடும். உங்கள் அப்பாவின் கட்டிலருகே பிரியமாட்டார்கள் என்பது என் துணிபு.

"இதெல்லாம் வெளிநாட்டு வழக்கம், நம் ஊரில் குடும்பம்தான் முடிவெடுக்கும்" என்று அண்ணன் சொல்லக்கூடும். வெளிநாட்டு வழக்கம் என்பதே முழு உண்மை அல்ல. அமெரிக்காவில் 1961-ல் மருத்துவர்களிடம் கேட்டபோது, புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்புவதாக 90 சதவீதம் பேர் சொன்னார்கள். 1979-ல் அதே வகைக் கேள்விக்கு, சொல்வதையே விரும்புவதாக 97 சதவீதம் பேர் சொன்னார்கள். இரத்தத்தில் ஊறிய பண்பாடு 18 ஆண்டுகளில் மாறிவிடாது. மாறியது பழக்கமும் நம்பிக்கையும். லாஸ் ஏஞ்சலஸில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 800 பேரிடம் நடந்து 1995-ல் வெளியான இன்னோர் ஆய்வில், பரவிய புற்றுநோயை நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்றவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினரில் 87 சதவீதமும் கொரிய வம்சாவளியினரில் 47 சதவீதமும் இருந்தார்கள். பண்பாட்டு வேறுபாடு உண்மைதான், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் குடும்பம் முடிவெடுக்கும் வழக்கம் வலுவாக உள்ள கொரிய மக்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர், சொல்ல வேண்டும் என்றே கருதியிருக்கிறார்கள். உங்கள் அப்பா எந்தப் பாதியைச் சேர்ந்தவர் என்பதைப் பண்பாடு சொல்லாது. அவரைக் கேட்டால்தான் தெரியும்.

நம் நாட்டுச் சட்டமும் குடும்பத்துக்கு நீங்கள் நினைக்கும் அளவு அதிகாரம் தரவில்லை. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்குத் தாயின் சம்மதத்தை மட்டும் பெற்றுக் கருப்பையை அகற்றிய வழக்கில், மயக்கம் தெளிந்ததும் தானே முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த ஒருவருக்காக அவருடைய தாய் தரும் சம்மதம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் அப்பா தெளிந்த அறிவோடு இருக்கிறார். கீமோதெரபிக்கான சம்மதப் படிவத்தில் யார் கையெழுத்துப் போட்டார்கள், போட்டவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லப்பட்டதா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். சட்டத்தைக் காட்டி மிரட்டுவதற்காக அல்ல. மருத்துவரும் இந்த மறைப்பில் சங்கடத்தோடுதான் நின்றுகொண்டிருக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், அம்மாவையும் அண்ணனையும் தவறு செய்தவர்களாக நீங்கள் பார்க்கக்கூடாது. டபிள்யூ. டி. ராஸ் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் 1930-ல் ஒன்றைத் தெளிவாக்கினார். உண்மை பேசுதல், தீங்கு செய்யாமை, நன்றி, நன்மை செய்தல் என்று நம்மீது பல கடமைகள் ஒரே நேரத்தில் உரிமை கொண்டாடுகின்றன. அவற்றில் எது எப்போதும் மேலானது என்று முன்கூட்டியே சொல்லும் சூத்திரம் கிடையாது. ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றைக் கைவிடும்போது, கைவிட்ட கடமை மறைந்துவிடுவதில்லை, அதற்காக நாம் வருந்தவும் ஈடு செய்யவும் வேண்டியிருக்கிறது. அண்ணன் தீங்கு செய்யாமையைப் பற்றிக்கொண்டிருக்கிறார், நீங்கள் உண்மையைப் பற்றிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டும் கடமைகளே. ஆகவே அவருக்குத் தெரியாமல் நீங்கள் அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட வேண்டாம். முதலில் மூன்று பேரும் உட்காருங்கள். "சொல்லலாமா வேண்டாமா?" என்று தொடங்காமல், "அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறாய் அண்ணா?" என்று கேளுங்கள். அவர் சாப்பிடாமல் படுத்துவிடுவார் என்பது அம்மாவின் பயமாக இருக்கலாம். அவரிடம் சொல்லும்போது தான் உடைந்து அழுதுவிடுவோம் என்பது அண்ணனின் பயமாக இருக்கலாம். பயத்துக்குப் பெயர் கிடைத்த பிறகு அதைப் பற்றிப் பேசலாம்.

அதற்குப் பிறகு அப்பாவிடம் போகும்போது, செய்தியோடு போகாமல் ஒரு கேள்வியோடு போங்கள். சரியான செயல் என்பது சரியான ஆளிடம், சரியான நேரத்தில், சரியான அளவில், சரியான முறையில் செய்யப்படுவது என்று அரிஸ்டாட்டில் சொன்னதற்கு நோயாளியின் கட்டிலைப் போலப் பொருந்தும் இடம் வேறில்லை. ஊசி போட்ட களைப்பு நீங்கிய ஒரு நாளில், அவருக்கு வழக்கமாகப் பேச்சு வரும் நேரத்தில், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "அப்பா, போன வாரம் ஃபைலைக் கேட்டீங்க. உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க? எல்லாத்தையும் டாக்டரே உங்ககிட்ட சொல்லணுமா, இல்ல அண்ணன் பார்த்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை பேசாமல் இருங்கள். அந்த மௌனம் நீளமாக இருக்கலாம். அதை நிரப்ப அவசரப்படாதீர்கள். "எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம், நீங்களே பார்த்துக்கோங்க" என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய உரிமை. அப்போது நீங்கள் சொல்லாமல் இருப்பது ஏமாற்று ஆகாது, அவர் ஒப்படைத்த பொறுப்பு ஆகும். "சொல்லு" என்றால், மருத்துவரிடம் முன்கூட்டியே நேரம் வாங்கி, முன்வாசல் வழியாகவே அழைத்துச் செல்லுங்கள். வலி தணிப்பு மருத்துவப் பிரிவு அங்கே இருந்தால் அவர்களையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட செய்தியை ஒரே மூச்சில் கொட்டாமல் பகுதி பகுதியாகச் சொல்லும் பயிற்சி அவர்களுக்கு உண்டு. எத்தனை மாதம் என்ற கணக்கை, அவராகக் கேட்காத வரை, யாரும் எடுக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்பே, இன்று இரவே, மாத்திரை கொடுக்கும்போது அவர் நேராகக் கேட்டுவிட்டால்? "வீக்கம்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "சாதாரண வீக்கம் இல்லப்பா. அண்ணனும் நானும் உங்ககூட உட்கார்ந்து எல்லாத்தையும் பேசுறோம்" என்று சொன்னால் போதும். அந்த வாக்கைச் சில நாட்களுக்குள் காப்பாற்றுங்கள். இந்த நோயில் தள்ளிப்போடுவதற்கு அதிக நாட்கள் இருப்பதில்லை.

உங்கள் கடைசிக் கேள்வி மீதமிருக்கிறது. "உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?" என்று அவர் கேட்டால், சுற்றி வளைக்காமல், முதல் ரிப்போர்ட் வந்த தேதியைச் சொல்லுங்கள். அன்றைக்கு யார் யார் இருந்தோம், என்ன பயந்தோம், ஏன் சொல்லவில்லை என்பதைச் சொல்லுங்கள். அவர் கோபப்படலாம், படட்டும், குறுக்கே பேசாதீர்கள். ராத்திரி டிப்போவுக்குத் திரும்பி ஒரு ரூபாய் குறையாமல் கணக்கு ஒப்படைத்துப் பழகியவர் அவர். தேதி போட்ட கணக்கை அவர் ஏற்றுக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன்.